தொட்டிக்குள் இறங்கிய சுழியோடி

டுபாயில் வேலை செய்யும் மாமாவின் மகன் போன மாதம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். டுபாய் மோலுக்குள் இருக்கிற பெரிய மீன்தொட்டி. 2008 இல் திறந்தது, ஒரு கோடி லீற்றர் தண்ணி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சனம் ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டு நிற்குது. அந்தப் பக்கம் ஒரு ஆள் முதுகில் சிலிண்டரோடு சுறாக்களுக்கு நடுவில் மெதுவாக இறங்குகிறார். கையை ஆட்டுகிறார். பிள்ளைகள் திருப்பி ஆட்டுதுகள்.

அம்மம்மாவுக்குக் காட்டினேன். ரெண்டு தரம் பார்த்துவிட்டுக் கேட்டா: "கடலுக்குள்ள இறங்கிறதுக்கு ஏன் மோனை கட்டிடத்துக்குள்ள போறாங்கள்?"

சிரிப்பு வந்தாலும் கேள்வி நியாயமானதுதான். அதுக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. தேடத் தேட அது டுபாயை விட்டு விலகி மன்னாருக்கும் சென்னைக்கும் தெகிவளைக்கும் திருகோணமலைக்கும் போய், கடைசியில் எங்கட வீட்டுப் பக்கமே வந்து நின்றது.

முதலில் ஒன்று. கடல்தண்ணியைக் கரையிலிருந்து உள்ளே கொண்டுவந்து வைத்திருப்பது முள்ளியவளை ஆட்களுக்குப் புதுசில்லை. ஒவ்வொரு வைகாசியும் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புத்தண்ணியில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கொண்டுபோவது எங்கட வழக்கம். குடம் சின்னது, நம்பிக்கை பெரிசு. ஐரோப்பாவில் மீன்காட்சிச்சாலை தொடங்கினவர்களுக்கும் முதல் தலையிடி இதே விசயம்தான்: கடல் இல்லாத ஊருக்குள் கடல்தண்ணியை எப்படிக் கொண்டுவாறது, கெடாமல் எப்படி வைத்திருக்கிறது?

பிரெஞ்சுக்காரியான ஜான் வில்ப்ரோ-பவர் தையல்காரியாக வாழ்க்கையைத் தொடங்கியவர். 1832 இல் சிசிலியின் மெசினாவில் இருந்துகொண்டு, ஆர்கோனோட் என்ற எட்டுக்கால் பிராணியை உயிரோடு வைத்துப் பார்க்கக் கண்ணாடித் தொட்டி செய்தார். 1853 இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான முதல் மீன் வீடு திறந்தது. அடுத்த வருடமே பிலிப் ஹென்றி கோஸ் என்பவர் 'அக்குவாரியம்' என்ற சொல்லைப் பிரபலப்படுத்திப் புத்தகம் எழுதினார். உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையையும் அவர் சொன்னார். இந்தக் கட்டத்தில் தொட்டிக்குள் மீன் இருந்தது, நண்டு இருந்தது, பாசி இருந்தது. மனிசன் இல்லை. மனிசனுக்கு அங்கே இடமும் இல்லை, தொட்டிகள் அவ்வளவு சின்னன்.

அதே காலத்தில் உண்மையான கடலுக்குள் மனிசர் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், எங்கட பக்கத்தில். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில். அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி எல்லாம் முத்துக்குளிப்புக் காலத்தில் மட்டும் நகரமாக மாறும் மணல்வெளிகள். தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவில் இருந்து வந்த அரபுகள் எல்லாரும் இறங்கினார்கள். காலில் கல், இடுப்பில் கூடை, மூச்சு மட்டும்தான் சொத்து. ஒரு முழுக்கு ஒரு நிமிடம், கொஞ்சம் கூடினால் ஒன்றரை. மேலே கயிறு பிடிக்க ஒருவர்.

சுறாவுக்குப் பயம் இருந்தது. அதனால் மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்ட ஒருவர் இருப்பார். அவருக்குப் பெயர் 'கடல்கட்டி'. அவர் இல்லாமல் சுழியோடிகள் இறங்கமாட்டார்கள் என்பதால் பிரித்தானிய அரசாங்கமே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. பகுத்தறிவு பேசிக்கொண்டு வந்த அரசாங்கம் மந்திரத்துக்குச் சம்பளப் பட்டியல் எழுதினதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். கடலைக் கட்டுகிற அந்த வேலையை இன்றைக்கு டுபாயில் கண்ணாடி செய்யுது எண்டும் சொல்லலாம்.

1906 இல் மரிச்சுக்கட்டியில் வேலை செய்த அதிகாரிகளில் ஒருவர் லெனார்ட் வூல்ஃப். பிற்காலத்தில் எழுத்தாளர் வேர்ஜினியா வூல்ஃபின் கணவர். படகுகள் திரும்பி வந்ததும் 'கொட்டு' என்ற வேலியிட்ட இடத்துக்குள் சுழியோடிகள் தங்கள் சிப்பிகளை மூன்று குவியலாகப் பிரித்து வைப்பார்கள். அதிகாரி வந்து இரண்டு குவியலைக் காட்டுவார். அது அரசாங்கத்துக்கு. மிச்சம் ஒன்று சுழியோடிக்கு. எந்த இரண்டை அவர் காட்டுவார் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகத்தான் பிரிப்பார்கள். முறை கெட்டித்தனமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூச்சை அடக்கினவனுக்கு மூன்றில் ஒன்று, கையை நீட்டினவனுக்கு மூன்றில் இரண்டு. அதே 1906 இல் முழுப் பார்களும் ஒரு லண்டன் கம்பனிக்குக் குத்தகைக்குப் போயின. கொஞ்ச வருடத்தில் சிப்பியே இல்லாமல் போய்க் கம்பனியும் படுத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் எட்கார் தர்ஸ்டன் வருகிறார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகள் பற்றியும் அங்குள்ள கடல் உயிரினங்கள் பற்றியும் குறிப்புகள் எழுதியவர். இந்தியாவின் முதலாவது பொது மீன்காட்சிச்சாலை என்று சொல்லப்படும் மெரினா மீன்காட்சிச்சாலை அவருடைய திட்டம். அது திறந்தது 1909 இல். சமூகவியல், மானிடவியல் படிக்கிற ஆட்களுக்கு இந்த வருடம் வேறொரு காரணத்துக்காக ஞாபகம் இருக்கும். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி தர்ஸ்டனின் ஏழு தொகுதிகள் வெளிவந்ததும் அதே 1909. சனத்தின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர் அவர்.

ஒரே ஆள், ஒரே வருடம். மீனுக்குக் கண்ணாடிப் பெட்டி, மனிசருக்குப் புத்தகப் பெட்டி. இதை வைத்து அவர் மீனையும் மனிசரையும் ஒன்றாகத்தான் பார்த்தார் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வகைப்படுத்திக் காட்சிக்கு வைக்கிற அந்தக் கண் ஒன்றுதான் எண்டு மட்டும் சொல்லுறன். சங்கு குளிக்கிற பரதவர் அவருடைய தொகுதிகளில் இடம்பெற்றார்கள், கடற்கரைத் தொட்டியில் மீன்கள் இடம்பெற்றன. இரண்டுக்கும் நடுவில் இருந்த உறவு, அதாவது அந்த மீன் இருக்கிற இடத்துக்கு இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் இறங்குகிறான் என்ற விசயம், இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் யப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942 இல் அந்த மீன்காட்சிச்சாலையை மூடினார்கள்.

மனிசன் தொட்டிக்குள் இறங்கியது அமெரிக்காவில். 1938 இல் புளோரிடாவில் மரைன் ஸ்டூடியோஸ் என்ற இடம் திறந்தது. முதலில் நோக்கம் படம் பிடிப்பது: கடலுக்கடியில் நடக்கும் காட்சிகளை வசதியாக எடுக்க ஒரு பெரிய தொட்டி, சுவரில் ஜன்னல்கள். இரும்புத் தலைக்கவசம் போட்ட ஒருவர், மேலிருந்து குழாயில் காற்று வர, தொட்டியின் அடியில் நடந்து மீன்களுக்குக் கையால் சாப்பாடு கொடுத்தார். மீனைப் பார்க்க வந்த கூட்டம் மீனுக்குச் சாப்பாடு கொடுக்கும் ஆளைப் பார்க்கத் தொடங்கியது. 1943 இல் பிரான்சில் கூஸ்தோவும் கன்யானும் அக்குவாலங்கைச் செய்த பிறகு குழாயும் இரும்புத் தலையும் தேவைப்படவில்லை. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மீன் மாதிரியே நீந்தலாம்.

இலங்கைக்கு வருவம். தெகிவளை மிருகக்காட்சிச்சாலையை ஹாகன்பெக் என்ற ஜெர்மன்காரரிடம் இருந்து 1936 இல் அரசாங்கம் எடுத்தது. அங்கே மீன்காட்சிச்சாலை 1952 இல் வந்தது. தரம் 9 இல் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் நானும் போனனான். இருட்டு நடைபாதை, இரண்டு பக்கமும் வெளிச்சமான தொட்டிகள். முள்ளியவளையில் இருந்து விடிய ரெண்டு மணிக்கு வெளிக்கிட்ட பஸ், பாதிப் பேர் நித்திரை. தொட்டிகள் ஆள் இறங்குகிற அளவில்லை. அதனால் சுழியோடி அங்கே இல்லை என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். பிறகு வாசித்தபோதுதான் தெரிந்தது, இலங்கையின் ஸ்கூபா வரலாறே அந்தச் சாலையோடு கட்டுப்பட்டது என்று.

அங்கே அதிகாரியாக இருந்தவர்களில் ஒருவர் ரொட்னி ஜோன்க்லாஸ். பறங்கியர், விலங்கியல் படித்தவர், அந்தக் காலத்தில் இலங்கையில் கடலுக்கடியில் நீந்தத் தெரிந்த சிலரில் முன்னுக்கு நின்றவர். பிற்காலத்தில் அலங்கார மீன் ஏற்றுமதி செய்தார், கடல்மீன்களைச் சேகரிப்பது பற்றிப் புத்தகமும் எழுதினார். ஒரு நன்னீர் அயிரை வகைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1954 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாறைகளுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலொன்று கொழும்பில் சிறிது நேரம் தரித்தது. அதில் இருந்து இறங்கிய ஆங்கில எழுத்தாளர் ஒருவர் ஜோன்க்லாஸைச் சந்தித்தார். எழுத்தாளர், ஆர்தர் சி. கிளார்க். இலங்கைக் கடலைப் பற்றி அந்தச் சில மணித்தியாலங்களில் கேள்விப்பட்டது அவருக்குப் போதுமாக இருந்தது. 1956 இல் தன் நண்பரும் சுழியோடியுமான மைக் வில்சனோடு திரும்பி வந்தார், பிறகு சாகும்வரை இங்கேதான்.

விண்வெளிக் கதைகள் எழுதுகிறவர் ஏன் கடலுக்குள் போனார் என்பதற்குக் காரணம் எளிது. தண்ணிக்குள் உடம்புக்குப் பாரம் இல்லை. விண்வெளிக்குப் போக வழியில்லாத காலத்தில் அந்த அனுபவம் கிடைக்கும் ஒரே இடம் அதுதான்.

1956 இலேயே அவர்கள் திருகோணமலையில் கோணமலைப் பாறைக்குக் கீழே இறங்கினார்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் கற்களில் ஒரு பகுதி கோட்டைக்குள் போனது, ஒரு பகுதி கடலுக்குள் போனது. செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதை அவர்கள் பார்த்துப் படமெடுத்தார்கள். அடுத்த வருடம் வந்த கிளார்க்கின் 'த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்' புத்தகத்தில் இந்தக் கதை இருக்கு. வில்சன் கடலில் இருந்து எடுத்த லிங்கம் மீண்டும் கோயிலுக்குப் போனது. இதே வில்சன்தான் 1962 இல் 'ரன்முத்து தூவ' எடுத்தவர். முதலாவது முழு வண்ணச் சிங்களப் படம், கடலடிக் காட்சிகள் நிறைய. அதைவிட ஆச்சரியம், அந்த மனிசர் கடைசியில் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார். கதாசிரியர் எழுதினால் நம்பமாட்டம்.

மீன்தொட்டி நிரப்பக் கடலுக்குள் இறங்கத் தெரிந்த ஒரு அதிகாரி இருந்தார். அவரைச் சந்தித்த ஒருவர் இங்கே குடியேறினார். அவரோடு வந்தவர் எங்கட கோயிலைக் கடலுக்குள் கண்டார். தெகிவளையின் அந்த இருட்டு நடைபாதையில் இருந்து கோணேசர் வரை ஒரு நூல் ஓடுது.

ஆனால் வரலாறு படிக்கிற ஆளாக எனக்கு ஒரு உறுத்தல். ஜோன்க்லாஸ், கிளார்க், வில்சன் என்று பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. மரிச்சுக்கட்டியில் இறங்கின ஆயிரக்கணக்கான ஆட்களில் ஒருவருடைய பெயராவது எங்கட பாடப்புத்தகத்தில் இருக்கா? படகுக் கணக்கு இருக்கு, சிப்பிக் கணக்கு இருக்கு, ஏல விலை இருக்கு. ஆள் இல்லை. முகமூடியும் சிலிண்டரும் கமராவும் வந்த பிறகுதான் சுழியோடி என்பவர் 'ஆய்வாளர்' ஆனார். அதுக்கு முதல் அவர் கூலி.

மற்றப் பக்கம் தொட்டிகள் வளர்ந்துகொண்டே போயின. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் வந்தது. நியூசிலாந்தின் கெலி டார்ல்டன் ஒரு சுழியோடி, மூழ்கின கப்பல்களில் புதையல் தேடினவர். ஒக்லாந்தில் பாவிக்காமல் கிடந்த கழிவுநீர்த் தொட்டிகளை எடுத்து, உள்ளே வளைந்த அக்ரிலிக் குகை ஒன்றைப் போட்டு, கீழே நகரும் பாதை வைத்தார். தலைக்கு மேலே சுறா போகும். 1985 ஜனவரியில் திறந்தது, மார்ச்சில் அவர் இறந்துவிட்டார். கடலுக்குள் தான் பார்த்ததை இறங்கத் தெரியாதவர்களுக்கும் காட்டவேண்டும் என்று நினைத்த ஒரு சுழியோடியின் வேலை அது. இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஆளும் அவர்தான். பிறகு அந்தக் குகை உலகம் முழுக்கப் போனது. 1991 இல் சிங்கப்பூரின் செந்தோசாவுக்கு வந்தது, 2019 இல் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி மரைன் கிங்டமுக்கு வந்தது. மெரினாவில் மூடினதற்கு 77 வருடத்துக்குப் பிறகு.

இப்படியான தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? கையை ஆட்டுவது கொஞ்ச நேரம். மிச்சம் துப்புரவு வேலை. அக்ரிலிக்கில் பாசி படியும், அதைக் கீறல் விழாமல் துடைக்கவேண்டும், ஏனென்றால் அக்ரிலிக் கண்ணாடியை விட லேசாகக் கீறுப்படும். அடியில் சேரும் கழிவை உறிஞ்ச வேணும். நோயான மீனைப் பிடிக்க வேணும். சுறாவுக்கு நேரத்துக்குச் சாப்பாடு கொடுக்க வேணும், வயிறு நிறைந்த சுறா பக்கத்து மீனைத் தொடாது. கலிபோர்னியாவின் மொன்டரே பேயில், 1984 இல் திறந்த மீன்காட்சிச்சாலையில், தொட்டிக்குள் இருக்கும் சுழியோடி முகமூடிக்குள் இருக்கும் மைக்கில் வெளியே நிற்கும் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொல்லுவார். ஆழம் பெரும்பாலும் பத்து மீற்றரைச் சுற்றித்தான். ஒக்கினாவாவின் பெரிய தொட்டி, திமிங்கலச் சுறா இருப்பது, அதுவும் பத்து மீற்றர். கடலில் பத்து மீற்றருக்கு அமுக்கம் இரண்டு மடங்காகும், அங்கிருந்து கீழே போகப் போக இரத்தத்தில் நைதரசன் கரையும் பிரச்சினை கடுமையாகும். தொட்டியில் அந்த ஆபத்து குறைவு. நீரோட்டம் இல்லை, அலை இல்லை, கலங்கல் இல்லை, படகு உங்களை விட்டுவிட்டுப் போகாது. அம்மம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் இதுதான். கட்டிடத்துக்குள் கடல் பயமில்லாதது, ரிக்கெற் போட்டு விற்கலாம்.

எங்கட பக்கத்திலும் அப்படி ஒரு தொட்டி இருந்தது. விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில், காட்டுக்குள், 22 அடி ஆழமான ஒரு நீச்சல் தடாகம். கடற்புலிகளின் சுழியோடிகளுக்குப் பயிற்சி கொடுத்த இடம் என்று, போர் முடிந்த பிறகு இராணுவம் பலகை போட்டுத் தெற்கில் இருந்து வந்த சனத்துக்குக் காட்டியது. பஸ் பஸ்ஸாக வந்தார்கள், விளிம்பில் நின்று படம் எடுத்தார்கள். அப்ப எனக்கு எட்டு வயசு இருக்கும். நாங்கள் முகாமில் இருந்து திரும்பி, தறப்பாளுக்குக் கீழே இருந்த நேரம். எங்கட வீட்டுக் கிணறு துப்புரவாக்கப்படாமல் கிடந்தது, எங்கட கடலுக்குப் போக அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. ரோட்டில் போகிற பஸ்கள் அந்த வெறுந்தொட்டியைப் பார்க்கப் போகின்றன என்று பெரியாக்கள் கதைப்பது கேட்கும். அந்தத் தொட்டிக்குள் இறங்கினவர்கள் யார், யாருடைய பிள்ளைகள், அவர்களில் யார் மிச்சம் என்று ஊருக்குத் தெரியும். பலகையில் அடி அளவு மட்டும் இருந்தது. மரிச்சுக்கட்டிக் கணக்குப் புத்தகத்தை வாசிக்கும்போது எனக்கு அந்தப் பலகைதான் ஞாபகம் வந்தது.

இப்ப எங்கட கரையில் சிலிண்டரோடு இறங்குகிறவர்கள் கடலட்டைக்குப் போறவர்கள். அட்டை இங்கே யாரும் சாப்பிடுவதில்லை, சீனாப் பக்கம் போகுது. இந்தத் தொழிலில் வெளிமாவட்டப் படகுகள் வந்து இரவில் வெளிச்சம் பிடித்து அள்ளுவதை எதிர்த்து 2018 ஆகஸ்டில் முல்லைத்தீவில் பெரிய போராட்டமே நடந்தது. யார் இறங்கலாம், யாருக்கு அனுமதி, எவ்வளவு அள்ளலாம் என்ற சண்டை. மூன்று குவியல் கதை வேறு உடுப்பில் வந்து நிக்குது. ஒரு நாளைக்கு எத்தனை தரம் இறங்கலாம், மேலே வரும்போது எவ்வளவு மெதுவாக வரவேணும் என்பதை வகுப்பில் படிக்காமல் தொழிலில் படித்த பெடியள் இருக்கிறாங்கள். முழங்கால் நோகுது, தோள் நோகுது என்று சொல்லுவாங்கள், எண்ணெய் பூசுவாங்கள். அது எண்ணெய்க்குப் போற நோ இல்லை. இரத்தத்துக்குள் கரைந்த நைதரசன் குமிழாக வெளிவருவதால் வாற நோவாக இருக்கலாம். கூடினால் கால் விளங்காமலே போகலாம். மீன்காட்சிச்சாலைத் தொட்டியில் ஒருவர் இறங்கினால் மேலே இன்னொருவர் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். இங்கே மேலே நிற்கிறவர் எஞ்சினைப் பார்க்க வேணும், வேறு படகு வருதோ எண்டு பார்க்க வேணும், நேரத்தையும் பார்க்க வேணும்.

என்னோடு ஓ.எல் வரை படித்த ஒருவன் இப்ப அந்தத் தொழிலில் இருக்கிறான். லீவுக்கு ஊருக்கு வந்தபோது மாமாவின் மகன் அனுப்பிய வீடியோவை அவனுக்கும் காட்டினேன். கோயில் வீதியில், பின்னேரம். மற்றவர்கள் எல்லாரும் சுறாவைத்தான் பார்த்தார்கள். அவன் சுழியோடியின் பெல்ட்டையும் குழாயையும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தான்.

"எத்தினை ஆழம் மச்சான்?"

"பதினொரு மீற்றராம்."

மனசுக்குள் கணக்குப் பார்த்தான். "ஆறு பாகம்தானே," என்றான். பிறகு வீடியோவை முதலில் இருந்து ஓடவிட்டுக்கொண்டு, "மேல நிக்கிறவன் ஆர்? அவனைக் காட்டேல்லையே" என்று கேட்டான்.